எங்கள் டிஆர்-7 சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

சங்க உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

ஜனவரியில் நடந்த பொதுக்குழுவில் ஆங்கில அறிக்கையை வாசித்தேன். கூட்டம் முடிந்ததும் நம் சங்கத்திலுள்ள ஆறு தமிழ்க் குடும்பங்களும் வந்து, "வீட்டுப் பெரியவர்களும் ஊரில் இருக்கிறவர்களும் படிக்கிற மாதிரி தமிழில் ஒன்று எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆங்கில அறிக்கையை மொழிமாற்றாமல் புதிதாகவே எழுதியிருக்கிறேன். அதில் இடம் இல்லாததால் விட்டுப்போன சில விஷயங்களும் இதில் உண்டு.

முதல்முறை படிப்பவர்களுக்காக: கோவென்ட்ரியிலும் சுற்றுவட்டாரத்திலும் டிரையம்ப் டிஆர்-7 கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சிறு சங்கம் இது. இரண்டே இருக்கை, முன்னால் இன்ஜின், பின்சக்கர ஓட்டம், மரம் பிளக்கும் ஆப்பு மாதிரி முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த உருவம். 1975 ஜனவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பிறந்த நாடான இங்கிலாந்துக்கு 1976 மே மாதம்தான் வந்தது. 1981இல் நின்றுபோனது. அந்தக் காலத்தில் சாதாரணச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் காராக இருந்தது. இன்றும் பழைய டிரையம்ப் டிஆர் கார்களில் குறைந்த விலைக்குக் கிடைப்பது இதுதான். அதிகம் கேலி செய்யப்படுவதும் இதுதான்.

உறுப்பினர்கள்

ஆண்டுத் தொடக்கத்தில் 41 பேர் இருந்தோம். ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் ஸ்காட்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். ஒருவரை இழந்தோம். இப்போது 44 பேர். சங்கத்தில் மொத்தம் 29 வண்டிகள். அவற்றில் 21 சாலையில் ஓடுகின்றன. மற்றவை ஷெட்டில், ஏதோ ஒரு கட்டத்தில் பிரிக்கப்பட்டுக் கிடக்கின்றன.

மார்ச் மாதம் காலமான நம் மூத்த உறுப்பினர் கோவென்ட்ரியின் கேன்லியில் இருந்த டிரையம்ப் தொழிற்சாலையில் கருவி அறையில் வேலை பார்த்தவர். 1979இல், தான் வேலை பார்த்த இடத்திலிருந்தே வெளிவந்த பச்சை வண்டியைப் புதிதாக வாங்கி, 46 வருடம் வேறு கை மாறவிடாமல் வைத்திருந்தார். நான் சங்கத்தில் சேர்ந்த புதிதில் என் வண்டியின் சத்தத்தைக் கேட்டே "இன்ஜின் சங்கிலி தளர்ந்திருக்கிறது, கோளாறு வால்வில் இல்லை" என்று சொன்னவர். அன்றைக்கு எனக்குப் பெரிய செலவு மிச்சமானது. இறுதிச் சடங்கு நாளில் ஒன்பது டிஆர்-7 வண்டிகள் பின்னால் வரிசையாகப் போயின. வண்டியை விற்கப் போகிறீர்களா என்று அவர் மனைவியிடம் யாரோ கேட்டபோது, "இத்தனை வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன், இனிமேல் ஓட்டுகிற சீட்டில் உட்காரப்போகிறேன்" என்றார். சொன்னபடியே ஜூன் மாதக் கூட்டத்துக்கு அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். அவருடைய வயது 78. அவரைச் சங்கத்தின் முழு உறுப்பினராகச் சேர்த்ததில் செயற்குழுவுக்குப் பெருமை.

ஜூலை மாதம் நடந்தது

இந்த அறிக்கையில் நான் நீளமாகச் சொல்ல வேண்டியது இதுதான். பக்கத்துக் கவுண்டியில் நடந்த ஒரு பழைய கார் கண்காட்சிக்கு எட்டு வண்டிகளோடு போயிருந்தோம். முன்பதிவு செய்து, கட்டணமும் கட்டியிருந்தோம். ஆனாலும் மற்ற டிரையம்ப் வண்டிகளோடு சேர்த்து நிறுத்தாமல், மைதானத்தின் கோடியில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்கள். அதுவும் போகட்டும் என்று துணி விரித்து உட்கார்ந்தோம். மதியம் ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர் நம் வரிசைக்கு வந்ததும், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் செருகும் மரக்கட்டையோடு ஒப்பிட்டுப் பேசினார். கூட்டம் சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நம் புதிய உறுப்பினரின் வண்டி பானெட் மேல் யாரோ நிஜமாகவே ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவர் மூன்று வருடச் சேமிப்பைப் போட்டு அந்த வண்டிக்கு டிங்கரிங்கும் பெயிண்டும் செய்திருந்தார். பெயிண்டில் கீறல் விழுந்திருந்தது. பக்கத்தில் நின்ற அவருடைய பதினோரு வயதுப் பெண், "அப்பா, நம்ம கார் நல்ல கார் இல்லையா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது சங்கத்தின் வேலை என்று ஆகஸ்ட் செயற்குழுவில் முடிவானது. அந்தச் சிறுமிக்கு அவள் அப்பா அன்றைக்கே பதில் சொல்லியிருப்பார். மைதானத்தில் சிரித்தவர்களுக்கும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

செயற்குழுவில் இரண்டு கருத்து இருந்தது. இனி அந்தக் கண்காட்சிப் பக்கமே போக வேண்டாம் என்றார்கள் சிலர். போக வேண்டும், ஆனால் கையில் உண்மையோடு போக வேண்டும் என்பது மற்றவர்களின் கருத்து. நான் இரண்டாவது பக்கம். ஒதுங்கிப் போனால் ஒலிபெருக்கியில் பேசியதுதான் கடைசி வார்த்தையாக நின்றுவிடும். ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினோம். அதில் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்லி, மரியாதையான இடமும், ஐந்து நிமிடம் பேச வாய்ப்பும் கேட்டிருந்தோம். அக்டோபரில் பதில் வந்தது: கீறலுக்கு வருத்தம் தெரிவித்தார்கள், 2026இல் டிரையம்ப் வரிசையிலேயே இடம் தருவதாகவும், நம்மில் ஒருவரே வண்டியைப் பற்றிப் பேசலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் சங்கக் கோப்பில் இருக்கிறது.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன பேசுவது என்று தயாரித்த குறிப்பின் சாரத்தை இங்கே தருகிறேன். உங்களிடம் யாராவது கேட்டால் நீங்களும் சொல்லலாம்.

முதலில் உருவம். கார் வடிவமைப்பாளர் ஹாரிஸ் மேன் வரைந்தது. டிரையம்ப் டிஆர் வரிசையில் அதற்கு முன் வந்த வண்டிகள் நீண்ட மூக்கு, திறந்த கூரை, குரோம் பம்பர் என்று இருந்தன. இது ஏன் அப்படி இல்லை? அமெரிக்காவில் திறந்த கூரைக் கார்களுக்குத் தடை வந்துவிடும் என்று 1970களின் தொடக்கத்தில் பல நிறுவனங்களும் பயந்தன. விற்பனையில் பெரும்பகுதி அமெரிக்காவை நம்பியே இருந்தது. ஆகவே மூடிய கூரையோடு வடிவமைத்தார்கள். மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும் சேதம் ஆகக்கூடாது என்ற அமெரிக்க விதிக்காகத் தடித்த கறுப்பு பம்பர் வைத்தார்கள். கடைசியில் அந்தத் தடை வரவே இல்லை. 1979இல் அமெரிக்காவுக்கும் 1980இல் இங்கிலாந்துக்கும் திறந்த கூரை டிஆர்-7 வந்தது. அது அழகு என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். எனக்கு மூடிய கூரைதான் பிடிக்கும். பக்கவாட்டில் பின்னாலிருந்து முன்னால் சரிந்து இறங்கும் அந்தக் கோட்டுக்கு முழு அர்த்தம் அந்தக் கூரையோடுதான் கிடைக்கிறது. இது என் சொந்தக் கருத்து, செயற்குழுவின் தீர்மானம் இல்லை.

அப்புறம் இன்ஜின். 1998 சிசி, நான்கு சிலிண்டர், 45 டிகிரி சாய்த்துப் பொருத்தியது, 105 குதிரைத் திறன். "ஏதோ குடும்பக் காரில் இருந்து எடுத்த இன்ஜின்" என்கிறார்கள். ஆமாம், டிரையம்ப்பின் டாலமைட் காருடைய இன்ஜின் குடும்பம்தான். அதே சாய்வு இன்ஜினைத்தான் ஸ்வீடனின் சாப் நிறுவனம் தன் 99 மாடலுக்கு டிரையம்ப்பிடமிருந்து வாங்கியது. பிறகு அதைத் தானே செய்ய ஆரம்பித்து, திருத்தித் திருத்தி, உலகமே பாராட்டிய சாப் டர்போ வரைக்கும் கொண்டுபோனது. வேரை இகழ்ந்துவிட்டுக் கிளையைப் புகழ்வது நியாயம் இல்லை.

மூன்றாவது, ஓட்டம். ராலி பந்தயத்தில் 3.5 லிட்டர் வி8 இன்ஜின் பொருத்திய டிஆர்-7ஐ ஓட்டி டோனி பாண்ட் பெல்ஜியத்தின் ஈப்ர் ராலியை 1978இலும் 1980இலும் வென்றார். அதே இரண்டு வருடங்களிலும் மேன் தீவு ராலியையும் வென்றார். நாம் ஓட்டுவது அந்த வண்டி இல்லைதான். ஆனால் அடிப்படையான உடற்கூடு அதேதான். பின்னால் எளிய ஆக்சில் (சக்கர அச்சு), முன்னால் ஸ்ட்ரட் (அதிர்வு தாங்கும் தூண்), சிக்கல் இல்லாத அமைப்பு. இதன் பொறியியலுக்குப் பின்னால் இருந்த ஸ்பென் கிங்தான் ரேஞ்ச் ரோவரையும் உருவாக்கியவர். வந்த புதிதில் இந்த வண்டியை ஓட்டிப் பார்த்தவர்கள் அதன் சொகுசையும் விசாலமான உட்புறத்தையும் புகழ்ந்தார்கள். ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் ஆறடி மனிதர் முதுகு வலிக்காமல் நாள் முழுக்க ஓட்டலாம் என்பது சின்ன விஷயமா?

நான்காவது, எண்ணிக்கை. ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டிஆர்-7 வண்டிகள் தயாராகின. டிஆர் வரிசையில் வேறு எந்த மாடலும் இத்தனை விற்றதில்லை. "உண்மையான டிஆர் இல்லை" என்று சொல்கிறவர்கள், டிஆர் வாங்கியவர்களில் அதிகமானோர் எதை வாங்கினார்கள் என்று பார்க்கட்டும்.

சரி, குறையே இல்லையா? உண்டு. ஆரம்பகால வண்டிகள் லிவர்பூலின் ஸ்பீக் ஆலையில் தயாரானவை. நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையே ஓயாத தகராறு. 1977 நவம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. 1978 மே மாதம் ஆலையை மூடிவிட்டார்கள். உற்பத்தி கோவென்ட்ரியின் கேன்லிக்கு வந்தது. 1980இல் சோலிஹல்லுக்குப் போனது. அந்தக் குழப்பத்தில் செய்த வண்டிகளில் பொருத்தமும் பூச்சும் சரியில்லாதவை இருந்தன. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வரைந்தது ஒரு கை, பொறியியல் செய்தது ஒரு கை, பொருத்தியது சண்டையின் நடுவே நின்ற கைகள். மூன்றையும் ஒன்றாகக் கட்டி "மோசமான கார்" என்று தூக்கிப்போடுவதைத்தான் நாம் மறுக்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு; நான் நெடுநாள் யோசித்துப் பார்த்துச் சொல்வது. விலை மலிவாக இருந்ததால் இந்த வண்டியை வாங்கியவர்களில் பலரிடம் அதைப் பராமரிக்கப் பணம் இல்லை. ஆயிலை மாற்றவில்லை, ரேடியேட்டருக்குக் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தை ஊற்றாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றினார்கள். வண்டி சூடாகி நின்றது. "டிஆர்-7 என்றாலே சூடாகும்" என்ற பேர் வந்தது. பேர் கெட்டதும் விலை இன்னும் இறங்கியது. இன்னும் பணம் இல்லாதவர் கைக்குப் போனது. இப்படியே சுற்றிச் சுற்றி, எனக்குத் தெரிந்தே நம் வட்டாரத்தில் மூன்று நல்ல வண்டிகள், ஐந்து வேகம் கொண்ட கியர் பெட்டிக்காக மட்டும் உடைக்கப்பட்டன. நடுவில் யாராவது ஒருவர் பொறுமையாக அதைக் கவனித்திருந்தால் இந்தச் சுற்று அங்கேயே அறுந்திருக்கும். நம் சங்கம் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

செயற்குழு வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டிய ஒன்றும் நடந்தது. அதே ஜூலைக் கண்காட்சியில் கோபத்தில் இருந்த நம் உறுப்பினர் ஒருவர், பக்கத்தில் நின்ற ஆஸ்டின் அலெக்ரோ காரைப் பார்த்து மட்டமாகப் பேசிவிட்டார். அலெக்ரோவின் முதல் வரைபடமும் ஹாரிஸ் மேன் போட்டதுதான். அவர் வரைந்த தாழ்வான கோடுகள், உயரமான இன்ஜினுக்கும் ஹீட்டருக்கும் இடம் தருவதற்காக மாற்றப்பட்டு அந்த உருவம் வந்தது. உறுப்பினர் பிறகு அந்த அலெக்ரோ உரிமையாளரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். இருவரும் செப்டம்பர் பயணத்தில் ஒன்றாக வந்தார்கள். யாருடைய வண்டியையும் கேலி செய்வதில்லை என்பதைச் சங்க விதிகளில் எழுத்தாகவே சேர்த்துவிட்டோம்.

செப்டம்பர் பயணம்

வண்டி பிறந்த மூன்று இடங்களையும் ஒரே நாளில் பார்ப்பது என்று திட்டம். 14 வண்டிகள், கூட அந்த அலெக்ரோ. காலை ஏழு மணிக்கு சோலிஹல் லோட் லேன் ஆலை வாசலில் கூடினோம். அங்கே இன்றும் லேண்ட் ரோவர் வண்டிகள் தயாராகின்றன. அங்கிருந்து கேன்லி. ஆலை இருந்த இடம் இப்போது வணிக வளாகம். ஹெரால்டு அவென்யூ என்ற சாலைப் பெயர்ப் பலகைக்குக் கீழே வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தோம்.

அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் சித்தப்பா நினைவு வரும். அவர் சென்னை பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் வேலை பார்த்தவர். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று நம் ஊர்த் தெருக்களில் ஓடிய வண்டி, இதே கேன்லியின் டிரையம்ப் ஹெரால்டுதான். 1985இல் அதே பெருங்களத்தூர் ஆலையிலிருந்து ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உடல் ரோவர் எஸ்டி-1 காருடையது. உள்ளே இருந்த 1991 சிசி இன்ஜின் பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வழி வந்தது. 1953இல் டிஆர் வரிசையின் முதல் விற்பனை வண்டியான டிஆர்-2க்குப் போட்ட இன்ஜினும் அதே வேன்கார்டு வழிதான். ரோவர் எஸ்டி-1க்காகச் செய்த, ஐந்து வேகம் கொண்ட கியர் பெட்டிதான் நம் டிஆர்-7களில் பலவற்றிலும் இருக்கிறது. கோவென்ட்ரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது சித்தப்பா வாயிலிருந்து. ஹெரால்டு கதவைத் தட்டி, "தகடு கனத்தைப் பார்றா" என்பார். இந்த ஊரில் குடியேறி, ஒரு கார் வாங்கலாம் என்று பணம் சேர்ந்தபோது வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கேன்லியிலிருந்து எம்6 நெடுஞ்சாலை வழியே லிவர்பூல். ஸ்டாஃபோர்டு தாண்டியதும் வெள்ளை வண்டி ஒன்றின் வெப்பமுள் ஏறியது. அடுத்த ஓய்வு நிலையத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு ரப்பர் குழாய் கிளாம்ப் தளர்ந்து கூலன்ட் கசிந்திருந்தது. இருபது நிமிட வேலை. கூலன்ட் அளவு குறைந்தால் இந்த இன்ஜினுக்கு ஏன் ஆபத்து என்பதைக் கீழே சொல்கிறேன். மற்றபடி 14 வண்டிகளும் தம் சொந்தச் சக்கரத்திலேயே போய்த் திரும்பின. ஒவ்வொரு வண்டியும் அன்று 200 மைலுக்கு மேல் ஓடியது.

ஸ்பீக்கில் நமக்காக ஒரு பெரியவர் காத்திருந்தார். இருக்கை பொருத்தும் வரிசையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியபோது அவருக்கு 26 வயது. வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்க நிற்க மூக்கைப் பார்த்தே பிரித்துச் சொன்னார். மூக்கில் பெரிய டிஆர்7 எழுத்து இருந்தால் ஸ்பீக், இலைமாலை ஸ்டிக்கர் என்றால் கேன்லி, உலோகச் சின்னம் என்றால் சோலிஹல். "இது எங்க வண்டி, இது எங்க வண்டி" என்று ஸ்பீக் வண்டிகளை மட்டும் தொட்டுக்கொண்டே போனார். சிவப்புக் கட்டம் போட்ட இருக்கைத் துணி இருந்த ஒரு வண்டியில் உட்கார்ந்து, தையலைத் தடவிப் பார்த்தார். "நாங்க எல்லாரும் வேலையைக் கெடுத்தோம்னு இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன். நல்லா வேலை செஞ்சவங்களும் அங்கே இருந்தோம்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. வண்டியைக் கேலி செய்யும்போது அந்தக் கேலி எங்கே போய்ச் சேருகிறது என்பதை நாங்கள் அங்கேதான் பார்த்தோம். 2026 முதல் அவர் நம் சங்கத்தின் கௌரவ உறுப்பினர்.

பட்டறைச் சனிக்கிழமைகள்

ஆண்டில் ஒன்பது சனிக்கிழமைகள் தலைவருடைய ஷெட்டில் பட்டறை நடந்தது. அதிகம் கற்றுக்கொண்டது அக்டோபர், நவம்பரில். 1976 ஸ்பீக் வண்டி ஒன்றின் சிலிண்டர் ஹெட்டை (இன்ஜினின் மேல்மூடியை) கழற்ற மூன்று சனிக்கிழமை பிடித்தது. இந்த இன்ஜினில் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஹெட்டைப் பிடித்து வைத்திருப்பவற்றில் பாதி போல்ட், பாதி ஸ்டட் (தலை இல்லாத, நட்டு போட்டு இறுக்கும் திருகுக் கம்பி). இரண்டும் வெவ்வேறு சாய்வில் இறங்குகின்றன. வருடக்கணக்கில் கூலன்ட் மாற்றாமல் விட்டால் இரும்பு ஸ்டட் அலுமினியத் துளைக்குள் அரித்துப் பிடித்துக்கொள்ளும். நட்டைக் கழற்றிவிட்டாலும் ஹெட் மேலே வராது. சுத்தியலால் அடித்தால் ஹெட் பாழ். ஊடுருவும் எண்ணெய் விட்டு, சூடாக்கி, ஆறவிட்டு, இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி ஸ்டட்டை இம்மியிம்மியாகத் திருப்பி எடுத்தோம். வண்டியின் உரிமையாளர் 24 வயதுப் பெண், செவிலியர். கடைசி ஸ்டட்டை அவரே எடுத்தார். அந்த ஸ்டட்டை இப்போது சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறார்.

வாட்டர் பம்ப் விஷயம்: பல இன்ஜின்களில் பம்ப் முன்பக்கம் தாழ்வாக இருக்கும். இதில் இன்ஜின் மேல்பகுதியில், உள்ளே ஓடும் துணைத் தண்டால் சுழல்கிறது. கூலன்ட் கொஞ்சம் குறைந்தாலும் பம்ப்புக்குத் தண்ணீர் எட்டாது, காற்றைத்தான் சுழற்றும். ஹெட் சூடேறி வளைந்துவிடும். எனவே வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் அளவு பாருங்கள். அரிப்பைத் தடுக்கும் சேர்மம் உள்ள கூலன்ட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். என் வண்டியில் 19 வருடமாக இதைச் செய்கிறேன். ஒருமுறைகூடச் சூடாகி நின்றதில்லை.

எழும்பி மூடும் ஹெட்லைட்டுகள் பற்றி: ஒன்று எழும்பி ஒன்று மூடியிருந்தால் "கண்ணடிக்கிறது" என்று சிரிக்கிறார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி மோட்டார். பத்தில் எட்டு முறை காரணம் மோட்டார் இல்லை. ரிலேயோ, துருப்பிடித்த எர்த் இணைப்போதான். வழியில் நின்றால் மோட்டாரில் இருக்கும் திருகைக் கையால் சுற்றியே விளக்கை எழுப்பிவிடலாம். இதை எல்லா உறுப்பினரும் ஒருமுறை பகலில் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல்: 2021 செப்டம்பர் முதல் பங்க்கில் சாதாரணமாகக் கிடைப்பது 10 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். 5 சதவீதம் கலந்த சூப்பர் வகையைப் போடுங்கள், அல்லது குழாய்களை மாற்றிவிடுங்கள். சங்கக் கையிருப்பில் குழாய் இருக்கிறது, வாங்கிய விலைக்கே தருகிறோம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கடைசி டிஆர்-7க்கும் 40 வயது கடந்துவிட்டது. பழமை வண்டியாகப் பதிந்தால் சாலை வரி இல்லை, பர்மிங்ஹாம் தூய காற்று மண்டலத்தின் தினக் கட்டணமும் இல்லை. வண்டியில் பெரிய மாற்றம் செய்யாதவரை வருடாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்றாலும் சோதனை செய்துகொள்ளுங்கள் என்பதே செயற்குழுவின் வேண்டுகோள். சைட் சில் (கதவுக்குக் கீழுள்ள பகுதி), முன் ஸ்ட்ரட் மேற்பகுதி, பின் அச்சைத் தாங்கும் ஆர்ம் பொருத்தும் இடம் மூன்றிலும் துரு உள்ளே இருந்து வரும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

கணக்கு

தொடக்க இருப்பு 948 பவுண்டு. சந்தா 1,100, காலண்டர் விற்பனை 265. கூட்ட அரங்கு வாடகை, கருவிகள், உதிரிகள், மலர்வளையம் எல்லாம் சேர்த்துச் செலவு 1,070. கையிருப்பு 1,243 பவுண்டு. பொருளாளர் தயாரித்த முழுக் கணக்கு பொதுக்குழுவில் ஏற்கப்பட்டது. சந்தா உயர்வு இல்லை.

வரும் ஆண்டு

2026 மே மாதத்தோடு டிஆர்-7 இங்கிலாந்துச் சாலைக்கு வந்து 50 ஆண்டு. ஓடுகிற 21 வண்டிகளையும், முடிந்தால் இன்னும் இரண்டு மூன்றையும், கோவென்ட்ரி நகர மையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்த அனுமதி கேட்டிருக்கிறோம். இரண்டடி உயரப் பலகை ஒன்று தயாராகிறது. நான் மேலே சொன்ன நான்கு விஷயங்களும், ஸ்பீக்கில் சந்தித்த பெரியவர் சொன்ன அந்த ஒரு வாக்கியமும் அதில் இருக்கும். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டோம். ஜூலைக் கண்காட்சியில் ஐந்து நிமிடம் பேசப்போவது, மரக்கட்டை வைக்கப்பட்ட அந்த வண்டியின் உரிமையாளர். கூட அவர் மகளும் மேடைக்கு வருவாள். கீறலைச் சரிசெய்த செலவைச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

வி8 இன்ஜின் மாற்றிப் பொருத்திய வண்டிகளைச் சங்கத்தில் சம உரிமையோடு சேர்ப்பதா என்ற கேள்வி இரண்டு கூட்டமாக முடிவாகவில்லை. மார்ச் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. எல்லாரும் வாருங்கள்.

உதிரிப் பொருள் காப்பாளர் பொறுப்பு காலியாக இருக்கிறது. பழைய காப்பாளர் பன்னிரண்டு வருடம் தன் வீட்டு மாடியறையையே கிடங்காக்கி வைத்திருந்தார். அவருக்கும் அவர் மனைவிக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. நான்கு கதவுக் கண்ணாடி, ஆறு ஹெட்லைட் மோட்டார், இரண்டு கியர் பெட்டி, பெயர் எழுதாத பதினொரு பெட்டி உதிரிகள் இருக்கின்றன. காய்ந்த இடம் வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிவியுங்கள்.

அடுத்த பட்டறை பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தலைவர் வீட்டு ஷெட்டில். பச்சை வண்டிக்குச் சங்கிலி மாற்றுகிறோம். அதை இப்போது ஓட்டுகிற, மறைந்த மூத்த உறுப்பினரின் மனைவியான அம்மாவே பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளப் போகிறார். கையுறை கொண்டுவாருங்கள், சாம்பார் சாதம் நான் கொண்டுவருகிறேன்.

செயலாளர்
கோவென்ட்ரி